மலையில் பறக்கும் குடும்பச் சுற்றுலா: பீர், போக்ரா, வாகமண், காம்ஷெட், இன்டர்லாகன் – எது யாருக்கு?

ஆளுக்கு இருபது நிமிடம். பைலட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பறக்கும் டாண்டம் முறையில் வானத்தில் கிடைப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். நான்கு பேர் குடும்பத்தில் இரண்டு பேர் பறந்தால் நாற்பது நிமிடம். அதற்காக ரயில், பஸ், ஜீப் என்று இரண்டு மூன்று நாள் அலைச்சல். காற்று சரியில்லை என்று ஒரு நாள் சும்மா உட்காருவது. மலையுச்சியில் ஒன்றிரண்டு மணி நேரக் காத்திருப்பு. ஆகவே எங்கே உயரம் அதிகம், எங்கே காட்சி அழகு என்று தொடங்கினால் கணக்கு தப்பிவிடும். ஆறு வயதுப் பிள்ளை, முழங்கால் வலிக்கும் பாட்டி, மொட்டை மாடியில் நின்றாலே தலை சுற்றும் சித்தி எல்லாரும் அந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், என்ன செய்துகொண்டிருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஊர்தான் உங்களுக்கான ஊர்.

ஊர்ப் பட்டியலுக்குப் போகுமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஹேங் கிளைடிங் வேறு, பாராகிளைடிங் வேறு. ஹேங் கிளைடர் என்பது அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய முக்கோண இறக்கை. அதன் அடியில் குப்புறப் படுத்த நிலையில் தொங்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் கம்பியைத் தள்ளியும் இழுத்தும் உடல் எடையை நகர்த்தித் திருப்புவார்கள். வேகம் அதிகம், எதிர்காற்றைக் கிழித்துப் போகும். ஆனால் முப்பது கிலோவுக்கு முன்பின் எடை. மடித்தாலும் ஜீப்பின் கூரையைத் தாண்டி நீளும். பாராகிளைடரில் சட்டமே கிடையாது. துணி அறைகளுக்குள் காற்று புகுந்து விறைத்து இறக்கையாக நிற்கிறது. பயணி நாற்காலியில் உட்கார்ந்தாற்போல் போகலாம், முடிந்ததும் முதுகுப் பையில் மடித்து வைத்துவிடலாம். வேகம் குறைவு என்பதால் இறங்குவதும் சுலபம்.

விளம்பரத்தில் ஹேங் கிளைடிங் என்று போட்டிருந்தாலும் இந்தியாவில் குடும்பத்தோடு போய் காசு கட்டிப் பறக்கக் கிடைப்பது ஏறக்குறைய எப்போதும் பாராகிளைடிங்தான். ஊட்டிக்குப் பக்கத்தில் கல்ஹட்டியில் ஹேங் கிளைடிங் உண்டு என்று சுற்றுலாக் கையேடுகள் வரிக்கு வரி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டிருக்கின்றன. அங்கே நடத்துகிறவர் இன்னார், அவருடைய தொலைபேசி இது என்று கையில் வரும்வரை அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். முக்கோண இறக்கையில் படுத்துக்கொண்டு பறக்கத்தான் ஆசை என்றால் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் போக வேண்டும். அதைப் பற்றிக் கீழே.

பள்ளி லீவும் காற்றும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கட்டும், கிளைடர் பறக்கக் கூடாது. இமாச்சலப் பிரதேசத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்குத் தடை. கிட்டத்தட்ட நம் ஆடி, ஆவணி இரண்டு மாதமும். தடைக் காலத்திலும் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் நாள் பார்ப்பது பஞ்சாங்கத்தில் அல்ல, லீவுப் பட்டியலில்தான். காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வருகிறது. இமயமலைப் பக்கம் மழை விலகி வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் பருவத்தின் தொடக்கம் அது. இமாச்சலத்தின் பீருக்கும் நேபாளத்தின் போக்ராவுக்கும் இதுவே முதல் தேர்வு. அக்டோபர் பிறந்த பிறகு பறப்பதுபோல் நாளை வைத்துக்கொண்டால் மழை மிச்சத்தில் மாட்டும் வாய்ப்பு குறையும். போக்ராவில் மட்டும் ஒரு சிக்கல்: நம் நவராத்திரி சமயத்தில்தான் நேபாளத்தில் தசைன். ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பும், பஸ் கிடைக்காது, கடைகள் அடைத்திருக்கும். நம் ஊர் பொங்கல் நெரிசலை நினைத்துக்கொண்டால் போதும்.

அரையாண்டு லீவு கேரளத்தின் வாகமணுக்கும் மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டுக்கும் ஏற்றது. போக்ராவிலும் அப்போது பறக்கலாம். குளிர்கால வெயிலுக்குத் தெர்மல், அதாவது தரை சூடாகி மேலே எழும் காற்று, பலமாக இராது; பறப்பு சற்றுக் குறுகும், ஆனால் குலுக்கல் இருக்காது. தொல்லை வானத்தில் இல்லை, வழியில் இருக்கிறது. டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் வட இந்தியச் சமவெளியில் மூடுபனி இறங்கினால் டெல்லி விமானமும் ரயிலும் மணிக்கணக்கில் தாமதமாகும். இணைப்பு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டும் இடைவெளி விட்டு டிக்கெட் எடுத்தவர்கள் விமான நிலையத்திலேயே புத்தாண்டு கொண்டாட வேண்டியதுதான். பீரில் அந்த நேரத்துக் குளிர் பிள்ளைகளுக்குக் கடுமை. மேலே, பறக்கக் கிளம்பும் இடமான பில்லிங்கில் பனி விழுந்து கிடக்கவும் கூடும்.

மே மாதத்தில் பீரில் பறக்கிறார்கள். ஆனால் தெர்மல் மூர்க்கமாக இருக்கும், பிற்பகலில் இடிமேகம் திரளும். பிள்ளைகளுக்குக் காலையின் முதல் பறப்புகள் மட்டுமே. வாகமணில் கோடை மழை மாலையில் இடியோடு வரும். காம்ஷெட் கொதிக்கும்.

பீர்–பில்லிங்

இமாச்சலத்தின் காங்ரா மாவட்டத்தில் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் பீர். அங்கிருந்து 14 கி.மீ. மலைப்பாதையில் ஏறினால் சுமார் 2,400 மீட்டரில் பில்லிங். கிளம்புவது பில்லிங்கில், இறங்குவது பீரின் சௌகான் மைதானத்தில். இடையில் 1,000 மீட்டர் வெற்று வானம். பின்னால் தவுலாதார் மலைத்தொடர் சுவர்போல் நிற்க, முன்னால் காங்ரா பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று ஒன்று இங்கே நடந்தது. இந்தியாவில் ஒரே ஒரு முறைதான் பறக்கப்போகிறோம் என்றால் பறப்புக்காக மட்டும் எடை போட்டால் பீருக்குப் போட்டியே கிடையாது.

ஆனால் அந்த 14 கிலோமீட்டரில்தான் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. ஜீப்பில் மேலே போக முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. கொண்டை ஊசி வளைவுகள். வானத்தில் வாந்தி எடுப்பவர்களைவிட இந்த ஜீப்பில் எடுப்பவர்கள் அதிகம். பத்து வயதுப் பெண்ணை மேலே அனுப்பினால், அவள் இறங்கும்போது சௌகானில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்; மேலே அவளை ஏற்றிவிட இன்னொருவர் வேண்டும். இரண்டு கைபேசியிலும் சார்ஜ் இருக்க வேண்டும். அம்மா அப்பா இருவரும் பறந்து பிள்ளை பறக்காத குடும்பத்தில் ஒருவர் இறங்கி வந்த பிறகே மற்றவர் ஜீப் ஏற முடியும். அதாவது இருவர் பறக்க அரை நாள் போய்விடும். இதை முன்னாலேயே ஒத்துக்கொண்டு போனால் சண்டை வராது.

கீழே இருப்பவர்களுக்குப் பொழுது போகும் ஊர்தான். திபெத்தியக் குடியிருப்பு, சோக்லிங் மடாலயம், மோமோவும் துக்பாவும் கிடைக்கும் சின்னக் கடைகள் எல்லாம் நடை தூரத்தில். சௌகானிலேயே தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கிளைடராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைகளுக்கு அதுவே பாதிச் சுற்றுலா. பக்கத்தில் பைஜ்நாத்தில் 1204-ல் எழுப்பிய கற்கோயில், மூலவர் வைத்தியநாதர். நம் வைத்தீசுவரன் கோயில் பெயர்தான், கட்டட முறை முழுக்க வடக்கத்தி நாகரம். பாட்டிக்கு அது ஒன்றே போதும்.

போய்ச் சேருவது நீளம். டெல்லியிலிருந்து இரவுப் பஸ் சுமார் 12 மணி நேரம். கீழே விழாமல் தூங்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. காங்ரா விமான நிலையத்திலிருந்து சாலையில் சுமார் 70 கி.மீ. ரயிலில் என்றால் பதான்கோட். கன்னியாகுமரியிலிருந்து கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் அந்த வழிதான், ஆனால் வாரம் ஒரு நாள், அதுவும் பெட்டிக்குள் மூன்று இரவு. பதான்கோட்–ஜோகிந்தர்நகர் குறுகிய பாதை (நேரோ கேஜ்) ரயில் 164 கி.மீ., பார்க்க அழகு. 2022 ஆகஸ்டில் சக்கி ஆற்றுப் பாலம் இடிந்து அந்தச் சேவை குலைந்தது. எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று பார்க்காமல் அதைத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

செலவு: குறும்பறப்புக்கு ஆளுக்கு மூவாயிரம் ரூபாய்க்கு முன்பின், வீடியோவுக்குத் தனி. போகவரச் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. எனவே ஐந்நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாமல், உரிமத்தைக் காட்டுகிறவரிடம் போங்கள்.

போக்ரா

மூன்று தலைமுறை சேர்ந்து போனால் போக்ரா. ஊருக்கு மேலே மலைச்சரிவில் கிளம்பி பேவா ஏரிக் கரையில் இறங்குகிறார்கள். தெளிவான காலையில் அன்னபூர்ணா தொடரும் 6,993 மீட்டர் மச்சாபுச்சாரேயும் முகத்துக்கு நேரே நிற்கும். ஏரிக்கரை லேக்சைடிலிருந்து மேலே ஜீப்பில் போய்விடலாம். பறக்காதவர்களுக்குக் கேபிள் கார், படகு, ஏரிக்கரையில் தட்டையான நடைபாதை. முழங்கால் வலிக்காரர்களுக்கு இந்தப் பட்டியலில் இதைவிட நல்ல ஊர் இல்லை.

நமக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று ஆழ்வார் பாடிய தலமாகப் போற்றப்படும் முக்திநாத்துக்குப் போக்ராதான் வாசல். தாத்தா பாட்டி முக்திநாத், பேரப்பிள்ளைகள் பாராகிளைடிங் என்று ஒரே டிக்கெட்டில் இரண்டு வேண்டுதல். ஆனால் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்காதீர்கள். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். 800 மீட்டரில் இருக்கும் போக்ராவிலிருந்து அங்கே போய் நிற்கும்போது மூச்சு வாங்கும், தலை வலிக்கும். இடையில் ஓர் இரவு தங்கி ஏறுவது நல்லது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போகிறவர்கள் ஆதாரை மட்டும் நம்பிப் போய்த் திரும்பி வந்த கதை நிறைய. பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் செல்வது 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும்தான். 15 முதல் 18 வரையுள்ள பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவது தலைவலி இல்லாத வழி. தரைவழி என்றால் கோவை வழியாக வரும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு மலைச் சாலை. அந்த மலைச் சாலை பாதி நாளை விழுங்கும்; சிறு பிள்ளைகளோடு அது வேண்டாம். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள், ஜீப் நேபாள நேரத்துக்குத்தான் கிளம்பும்.

வாகமண்

மூன்று நாள் லீவு, சொந்தக் கார், மதுரை அல்லது தேனிப் பக்கம் வீடு. இப்படியென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. குமுளி தாண்டி ஏலப்பாறை வழியாக வாகமண். குமுளியிலிருந்து சுமார் 45 கி.மீ. இடுக்கி மாவட்டத்தில் 1,100 மீட்டர் உயரத்துப் புல்மேடுகள். தங்கள் பாறை, முருகன் மலை, குரிசுமலை என்று மூன்று மதத்துக்கும் ஒரு குன்று வைத்திருக்கும் ஊர்.

வாகமணின் பெரிய சாதகம் உயரம் அல்ல, டாப் லேண்டிங். காற்று ஒத்துழைத்தால் கிளம்பிய மேட்டிலேயே திரும்ப வந்து இறங்குவார்கள். 2024 மார்ச்சில் டாப் லேண்டிங் சர்வதேசப் போட்டியே இங்கு நடந்தது. குடும்பத்துக்கு இதன் அர்த்தம்: புல்லில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிற பாட்டியின் கண்முன்னே பேரன் கிளம்பி, கண்முன்னே இறங்குவான். ஜீப் இல்லை, இரண்டு கைபேசிக் கணக்கு இல்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பீரின் இமயக் காட்சியைவிட மதிப்பு வாய்ந்தது என்பேன்.

பாதகம் மூடுபனி. மேட்டிலிருந்து கீழே சரிவு தெரியாவிட்டால் கிளம்பக் கூடாது. அங்கே பனி ஐந்து நிமிடத்தில் வந்து மூடும், இரண்டு மணி நேரம் நகராது. காற்று மிஞ்சினாலும் நிறுத்திவிடுவார்கள். சனி, ஞாயிறு மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறவர்களில் பறக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமையும் லீவு போடுங்கள்.

காம்ஷெட்

புனே–மும்பை வழியில், புனேயிலிருந்து ஐம்பது கி.மீ.க்குள். புனே–லோனாவாலா லோக்கல் ரயில் நிற்கும் ஊர். குன்றுகள் தாழ்ந்தவை, பறப்பு குறுகியது. காட்சிக்காகப் போகும் ஊர் அல்ல. கல்லூரி படிக்கும் பையனோ பெண்ணோ தானே பறக்கக் கற்றுக்கொள்ள விரும்பினால் மட்டும் காம்ஷெட். முதல் நிலைப் பயிற்சிக்கு மூன்று நான்கு நாள். அதில் முதல் நாள் முழுக்கத் தரையில் இறக்கையைக் காற்றில் எழுப்பி நிறுத்தப் பழகுவதிலேயே போகும். நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் பொறுமை இழப்பார்கள், ஆனால் அந்த ஒரு நாள்தான் பிறகு எலும்பைக் காப்பாற்றுகிறது. அந்த நாட்களில் மற்றவர்கள் கார்லா, பாஜா குகைகளையும் லோஹகட் கோட்டையையும் பார்த்துவிடலாம்.

இன்டர்லாகன்

தூன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். பீட்டன்பெர்க் மலைச்சரிவிலிருந்து கிளம்பி, ஊர் நடுவே ஹோஹேமாட்டே புல்வெளியில் பாராகிளைடர்கள் இறங்குகின்றன. காசு கட்டி டாண்டம் ஹேங் கிளைடிங் போக முடிகிற பிரபலமான இடங்களில் இது ஒன்று. ரியோ டி ஜெனிரோ இன்னொன்று. சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் இருப்பதால் பெர்னில் மாமா வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ தங்கிப் பகலில் போய்வரும் குடும்பங்களுக்கு இது கைக்கெட்டும் தூரம். பெர்னிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். சென்னையிலிருந்து இதற்காக மட்டும் கிளம்பினால் கட்டுப்படியாகாது. பாராகிளைடிங்கே ஆளுக்கு 200 பிராங்குக்கு முன்பின், ஹேங் கிளைடிங் அதற்கும் மேல்.

ஹேங் கிளைடிங்கில் பிள்ளைகளுக்கு இடம் குறைவு. கிளம்பும்போது பயணியும் பைலட்டும் ஒரே சீராக ஓட வேண்டும். ஒருவர் கால் பின்தங்கினால் இறக்கையின் ஒரு முனை சாயும். எட்டு வயதுக் கால்களுக்கு அந்த ஓட்டம் வராது. கழுத்து வலிக்காரர்களுக்கும் ஆகாது, படுத்த நிலையில் தலையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். ஆகவே பெரியவர் ஒருவர் ஹேங் கிளைடிங், பிள்ளைகள் பாராகிளைடிங் என்று பிரித்துக்கொள்வதுதான் நடைமுறை.

2018-ல் இன்டர்லாகன் பக்கம் எடுத்த ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. பயணி உடலில் கட்டும் பட்டைகளான ஹார்னஸைக் கிளைடரோடு கொக்கியில் மாட்டாமலே பைலட் ஓடிக் கிளம்பிவிட்டார். அந்த மனிதர் இரண்டு நிமிடத்துக்கு மேல் வெறும் கையால் தொங்கிக்கொண்டே பறந்து, தரை நெருங்கியதும் விழுந்து, மணிக்கட்டு முறிந்து உயிர் பிழைத்தார். இதைத் தடுக்கத்தான் தொங்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது: கிளம்பும் இடத்தில் ஒருவர் கிளைடரின் மூக்கைப் பிடித்துக்கொள்ள, பைலட்டும் பயணியும் கொக்கியில் முழு எடையையும் விட்டுத் தொங்கிப் பார்ப்பார்கள். அரை நிமிட வேலை. அது நடக்காமல் ஓடச் சொன்னால் காலை எடுக்காதீர்கள்.

எடைக் கணக்கு

அழைத்துப் பேசும்போது வயதை மட்டும் சொல்கிறோம். பைலட்டுக்கு வேண்டியது எடை. வழக்கமான ஒரு டாண்டம் கிளைடர் மொத்தம் 120 முதல் 220 கிலோ வரை தாங்கும்படி சான்றளித்தது என்று வைத்துக்கொள்வோம். பைலட் 75, சாமான் 25. அறுபது கிலோ அத்தை ஏறினால் 160, நடுவாக நிற்கிறது. 22 கிலோப் பையன் ஏறினால் 122, அடி எல்லை. இறக்கைக்குப் போதிய பளு இல்லாவிட்டால் குலுக்கலில் துணி எளிதில் மடங்கும். தெர்மலில் சிக்கினால் கீழே வரவும் நேரமாகும். எனவே எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சிறிய இறக்கை, அல்லது வெயில் ஏறாத காலை. 100 கிலோ மாமா ஏறினால் 200. எல்லைக்குள்தான், ஆனால் எதிர்காற்று இல்லாத நேரத்தில் அவரோடு ஓடிக் கிளம்புவது பைலட்டுக்குப் பெரும்பாடு. வீட்டிலேயே உடுப்போடும் ஷூவோடும் எடை பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்வது இந்த ஒரு இடத்தில் வேண்டாம்.

கர்ப்பிணிகள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், முதுகுத்தண்டுப் பிரச்சினை, வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள், தோள்மூட்டு அடிக்கடி நழுவுகிறவர்கள் பறக்கக் கூடாது.

மேட்டில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம்

புடவை, பாவாடை, வேட்டி எதுவும் ஆகாது. துப்பட்டாவைக் கழற்றிக் கீழே நிற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தாலிச் செயின் சட்டைக்குள், பின்னல் ஹெல்மெட்டுக்குள். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கயிறு. கணுக்காலை மூடும் ஷூ. செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்பும் பைலட் நல்ல பைலட். அக்டோபரிலும் பில்லிங்கில் காலைக் குளிர் உறைக்கும், மேலே காற்றும் அடிக்கும். காற்றுப் புகாத மேலுடை, கையுறை. இரண்டு மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். வெறும் வயிறும் குமட்டும், பூரிக்கிழங்கும் குமட்டும்.

ஹார்னஸ் மாட்டும்போது முதலில் கால் பட்டைகள். இரண்டு தொடையிலும் கொக்கி 'க்ளிக்' என்று விழ வேண்டும். பிறகு மார்புப் பட்டை. மார்புப் பட்டை மட்டும் மாட்டிக் கால் பட்டை விட்டுப்போனால் நிற்கும்போது ஒன்றும் தெரியாது. தரையை விட்டதும் உடம்பு பட்டைக்குள்ளிருந்து கீழே நழுவும். இந்தத் துறையின் மிகப் பழைய, மிகக் கொடிய தவறு இதுதான். பைலட் மாட்டினாலும் நீங்களே தொடையைத் தொட்டுப் பாருங்கள், பட்டையைச் சுண்டி இழுத்துப் பாருங்கள். அடுத்தது தோளுக்கு இரண்டு பக்கமும் பைலட்டோடு இணைக்கும் காராபினர் என்ற உலோகக் கொக்கி. அதன் திருகு பூட்டு முழுக்க மூடியிருக்க வேண்டும். பிள்ளைக்கு இதைச் சரிபார்ப்பது பைலட், பிறகு உதவியாளர், பிறகு அப்பா அல்லது அம்மா. மூன்று பேர் பார்ப்பது அதிகமில்லை.

காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பையைப் பாருங்கள். எதிர்காற்று மணிக்கு 10 முதல் 20 கி.மீ. என்றால் நிம்மதி. பை பள்ளத்தாக்குப் பக்கம் ஊதிக்கொண்டு நின்றால் காற்று முதுகிலிருந்து வருகிறது; அப்போது கிளம்பக் கூடாது. விறைத்து நின்று, தொங்கி, மறுபடி விறைத்தால் காற்று வீச்சு வீச்சாக வருகிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழி நெல்லுக்குத்தான்.

பயணி கெடுப்பது ஓட்டத்தில். இறக்கை தலைக்கு மேல் எழுந்ததும் பின்னுக்கு இழுக்கும். புதியவர்கள் பயந்து உட்கார்ந்துவிடுவார்கள், அல்லது இரண்டடி ஓடியதும் குதிப்பார்கள். இரண்டிலும் இறக்கைக்கு வேண்டிய வேகம் கிடைக்காமல் இருவரும் புல்லில் சரிகிறார்கள். முன்னால் சாய்ந்து, கால் காற்றில் உதைத்தாலும் நிறுத்தாமல் ஓட வேண்டும். பைலட் சொன்ன பிறகே உட்கார வேண்டும். இந்தியிலோ நேபாளியிலோ சொல்லும் 'ஓடு', 'நில்', 'காலைத் தூக்கு' மூன்றையும் பிள்ளைக்கு முதல் நாள் இரவே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். மேலே தலை சுற்றினால் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டமடிக்காமல் நேரே போகும்படி பைலட்டிடம் கேட்பதில் வெட்கமில்லை. இறங்கும்போது காலைத் தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். முந்திக்கொண்டு காலை ஊன்றினால் கணுக்கால் போகும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. பறக்கப்போகும் பைலட்டின் பெயரில் உரிமம் இருக்கிறதா, கடையின் பெயரில் மட்டுமா? அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டைக் கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள்? ஆறு மாதத்துக்குள் என்றால் நல்லது, ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் வேறு ஆள் பாருங்கள். வானிலையால் ரத்தானால் பணம் முழுக்கத் திரும்புமா? பயணக் காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். பெரும்பாலான பாலிசிகளில் சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில்தான் இருக்கும், தனியாகச் சேர்த்து வாங்க வேண்டும்.

நாள் ஒதுக்கும்போது பறப்பை ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே வையுங்கள், கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அக்டோபரில் பீருக்கும் போக்ராவுக்கும் இரண்டு காலை உபரி. மே என்றால் மூன்று. வாகமணுக்கு எப்போதும் ஒன்று. முதல் முறையில் பிள்ளையை அனுப்பாமல் பெரியவர் ஒருவர் போய், காற்று எப்படி, பைலட் எப்படிப் பேசுகிறார், இறங்கும் இடம் எப்படி என்று பார்த்துவிட்டு வரட்டும். பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் வானத்தில் இருக்க வேண்டாம். மேட்டில் மற்றவர்கள் கிளைடரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, உங்களிடம் ஒருவர் மட்டும் 'பரவாயில்லை, போகலாம்' என்றால் இறங்கி வந்துவிடுங்கள். 'இன்றைக்கு வேண்டாம், நாளைக் காலை ஏழு மணிக்கு வாருங்கள்' என்று சொல்லி அன்றைய வருமானத்தை விட்டவர் யாரோ, மறுநாள் அவரிடமே பிள்ளையைக் கொடுங்கள்.